தீத்தடுப்பு ஆய்வாளர்: பணியும் பயிற்சியும்

நகரத்தில் தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி ஓடுகிறது. அதிலே செல்லும் வீரர்களை ஊரார் நின்று பார்க்கின்றனர். மறுநாள் செய்தித்தாள் அவர்கள் துணிவைப் பாராட்டுகிறது. பாராட்டத் தக்கதே. ஆனால் அதே துறையில் மற்றொரு பணியும் உண்டு. அது தீ இல்லாத நாளில் நடப்பது. கைவிளக்கும் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு ஒருவர் கட்டிடத்திற்குள் நுழைகிறார். படிக்கட்டைப் பார்க்கிறார், கதவைத் திறந்து மூடுகிறார், மூலையில் கிடக்கும் அட்டைப் பெட்டிகளை எண்ணுகிறார், எழுதிக்கொண்டு போகிறார். அவரை யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர் தம் வேலையைச் செவ்வையாகச் செய்துவிட்டால் செய்தித்தாளுக்கு எழுத ஒன்றுமே இராது. அவர்தாம் தீத்தடுப்பு ஆய்வாளர்.

அப்பணியிலே புதிதாகச் சேரும் ஒருவர் என்னென்ன அறிந்திருக்கவேண்டும், என்னென்ன செய்யவேண்டும் என்பதைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்முள் பொறியியலும் அறிவியலும் பயில்வோர் இதனை ஒரு தொழிலாகக் கருதிப் பார்க்கலாம். மற்றையோர்க்கும் பயன் உண்டு. விடுதியிலும் வாடகை அறையிலும் வாழ்கின்ற நாம் அனைவரும் யாரோ ஓர் ஆய்வாளரின் கண்ணை நம்பித்தான் இரவில் உறங்குகிறோம்.

கொல்கத்தா கண்ட தீக்கள்

இத்தொழிலைக் கற்பதற்குக் கொல்கத்தாவைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை எனலாம். இங்கே தீயணைப்புக்குத் தனிச் சட்டம் 1950-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அவ்வாறிருந்தும் நகரம் பட்ட துன்பங்கள் பல. 2008-இல் புர்ரா பஜாரின் நந்தராம் மார்க்கெட் நாட்கணக்கில் எரிந்தது. 2010 மார்ச் 23 அன்று பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட் கட்டிடத்தில் 43 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9 அன்று டாக்குரியாவில் ஒரு மருத்துவமனையில் சுமார் 90 பேர் மாண்டனர். 2018 செப்டம்பரில் கேனிங் தெருவின் பாக்ரி மார்க்கெட் மீண்டும் பல நாள் எரிந்தது. 2021 மார்ச் 8 அன்று ஸ்டிராண்ட் சாலையிலுள்ள ரயில்வே அலுவலகக் கட்டிடத்தில் 9 பேர் இறந்தனர். அவர்களுள் நால்வர் தீயணைப்பு வீரர்கள். 2025 ஏப்ரல் 29 அன்று மேச்சுவா பகுதியில் ஒரு தங்கும் விடுதியில் 14 பேர் இறந்தனர். தமிழகத்திலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவரும் இரு குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர்.

ஒவ்வொரு முறையும் "தீ எப்படிப் பிடித்தது?" என்று கேட்கிறோம். ஆய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. "தீப்பிடித்த பிறகு மக்கள் ஏன் வெளியே வர முடியவில்லை?" என்பதே அது. மின்கம்பியில் ஒரு பொறி பறப்பதை யாராலும் முற்றிலும் தடுக்க முடியாது. பூட்டிய கதவைத் திறந்துவைக்க முடியும்.

முதற்பாடம்: தீயும் புகையும்

எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் தீ உண்டாகும். அடுப்பின் மூன்று கற்களைப் போன்றவை இவை. ஒன்றை எடுத்தாலும் பானை நில்லாது. தீயணைக்கும் முறைகள் யாவும் இவற்றுள் ஒன்றை எடுத்துவிடும் முறைகளே. நீர் வெப்பத்தை எடுக்கிறது. நுரையும் மணலும் காற்றை மறைக்கின்றன. எரியும் சரக்கை அப்புறப்படுத்துவது எரிபொருளை எடுப்பதாகும்.

எல்லாத் தீக்கும் ஒரே மருந்து இல்லை என்பதையும் ஆய்வாளர் அறிவார். மரம், துணி, காகிதம் எரிந்தால் நீர் போதும். எண்ணெய் எரிந்தால் நீர் தீயைப் பரப்பிவிடும். அங்கே நுரை அல்லது உலர்பொடி வேண்டும். மின்சாரம் பாயும் இடத்தில் நீர் ஊற்றுபவருக்கே ஆபத்து. அங்கே கரியமிலவாயு அல்லது உலர்பொடி வேண்டும். எனவே சுவரில் ஒரு தீயணைப்பான் தொங்குகிறது என்று கண்டவுடன் மனநிறைவு கொள்ளுதல் கூடாது. சமையற்கட்டுக்கு உரியது சமையற்கட்டில் இருக்கிறதா, மின்பலகைக்கு உரியது மின்பலகையருகே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தீயைவிடப் புகை கொடியது. கட்டிடத் தீயில் இறப்போருள் பலர் தீ தீண்டுமுன்னே புகையால் மூச்சுத் திணறி இறக்கின்றனர். மேச்சுவா விடுதியில் நடந்ததும், டாக்குரியா மருத்துவமனையில் நடந்ததும் அதுவே. சூடான புகை மேலே எழும். மேலே எழ அதற்கு வழி வேண்டும். திறந்த படிக்கட்டும், மின்தூக்கி செல்லும் குழியும், மின்கம்பிகள் ஏறும் இடுக்கும், குளிர்பதனக் குழாயும் அதற்குப் புகைபோக்கிகளாக அமைந்துவிடும். ஆகவே ஆய்வாளர் ஒரு கட்டிடத்தைப் பார்க்கும்போது, "நான் புகையாக இருந்தால் எவ்வழியே செல்வேன்?" என்று எண்ணிப் பார்க்கப் பழகவேண்டும்.

இரண்டாம் பாடம்: விதியை அறிதல்

ஆய்வாளர் தம் விருப்பு வெறுப்பால் குறை கூறுபவர் அல்லர். விதியைக் கொண்டு கூறுபவர். இந்தியாவில் இதற்கு அடிப்படை நூல் தேசியக் கட்டிட நெறித் தொகுப்பு. 1970-இல் முதலில் வெளிவந்த இந்நூல் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. இதன் நான்காம் பகுதி தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியது. அத்தொகுப்பு வழிகாட்டும் நூல். அதற்குச் சட்ட வலிமை தருவது மாநிலச் சட்டங்களும் நகராட்சி விதிகளும். ஆகையால் இரண்டையும் கற்றாகவேண்டும்.

கட்டிடங்களை அந்நூல் அவற்றின் பயனைக் கொண்டு ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. குடியிருப்பு, கல்வி நிலையம், மருத்துவமனை முதலியன, மக்கள் கூடும் அரங்கு, அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு, ஆபத்தான பொருள்கள் உள்ள இடம் என்பன அவை. ஏன் இப்பிரிவு? அலுவலகத்தில் உள்ளோர் விழித்திருப்பர்; ஓடுவர். விடுதியில் உள்ளோர் உறங்குவர். அரங்கில் உள்ளோர்க்கு இடம் புதிது; வழி தெரியாது. மருத்துவமனையில் உள்ளோர் எழுந்து நடக்கவும் இயலாதவர். ஆளுக்கேற்றவாறு விதி மாறுகிறது. 15 மீட்டர் உயரமும் அதற்கு மேலும் உள்ளவை உயர்ந்த கட்டிடங்கள் எனப்படும். அவற்றிற்கு விதிகள் கடுமையானவை.

சில அளவுகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளவேண்டும். வெளியேறும் கதவின் அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. அது மக்கள் ஓடும் திசையிலே திறக்கவேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவை நெருக்கும் கூட்டமே மூடிவிடும். மருத்துவமனைப் படிக்கட்டு 2 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். நோயாளியைத் தூக்கிச் செல்ல இடம் வேண்டுமன்றோ? பல வகைக் கட்டிடங்களில் எந்த இடத்திலிருந்தும் பாதுகாப்பான வழியை அடைய 30 மீட்டருக்கு மேல் நடக்க நேரலாகாது. அளவு நாடா எதற்கு என்பது இப்போது விளங்கும்.

மூன்றாம் பாடம்: ஆய்வு நாள்

நல்ல ஆய்வு வாயிலுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. தீயணைப்பு வண்டி இத்தெருவில் நுழையுமா? வளைவில் திரும்புமா? தள்ளுவண்டியும் தொங்கும் கம்பிகளும் ஏணியை மறிக்குமா? தண்ணீர் எங்கே? புர்ரா பஜார்ச் சந்துகளில் சென்றிருப்போர்க்கு இக்கேள்விகளின் பொருள் விளங்கும்.

உள்ளே நுழைந்ததும் சிலர் முதலாளியின் அறையில் தேநீர் அருந்தியபடியே பத்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். அது ஆய்வு ஆகாது. மொட்டைமாடிக்கு நேரே ஏறி, அங்கிருந்து தளந்தளமாகக் கீழே இறங்கி வருவது நல்ல முறை. எதையும் விடாமல் பார்க்க அது உதவும். மாடிக்கதவு பூட்டியிருக்கிறதா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஸ்டீபன் கோர்ட்டில் மேலே ஓடியவர்கள் பூட்டிய மாடிக்கதவின் முன்னே மாண்டு கிடந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

படிக்கட்டிலே பார்க்கவேண்டியது சரக்கு. கடைக்காரர் "இன்று மாலையே எடுத்துவிடுவேன்" என்பார். அப்பெட்டிகளின் மேலுள்ள தூசி எத்தனை மாலைகள் கழிந்தன என்பதைச் சொல்லும். இரண்டாம் படிக்கட்டு எங்கே என்று கேட்கவேண்டும். காட்டச் சொல்லி, அதன் வழியே நடந்தே பார்க்கவேண்டும். வரைபடத்தில் இருக்கும் வழி கட்டிடத்தில் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருப்பதுண்டு.

கருவிகளை இயக்கிப் பார்த்தல் அடுத்த பணி. உலர்பொடித் தீயணைப்பானில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கவேண்டும். ஊசியும் முத்திரையும் இருக்கவேண்டும். கரியமிலவாயு உருளைக்கு அழுத்தமானி இல்லை. எடை போட்டே அதன் நிறைவை அறியவேண்டும். நீரேற்றும் பம்பை ஓடவிட்டு, மிக உயர்ந்த தளத்தில் குழாயைத் திறந்து, நீர் வேகமாக வருகிறதா என்று காணவேண்டும். கீழே நீர் வருவது சான்று ஆகாது. கூரையிலுள்ள தானியங்கி நீர்தெளிப்பானில் சிவப்பு நீர்மம் கொண்ட சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். 68 பாகை வெப்பத்தில் அது உடைந்து நீர் பாயும். திரைப்படத்தில் காட்டுவதுபோல எல்லாத் தெளிப்பான்களும் ஒருசேரப் பொழிவதில்லை. சூடுபட்டது மட்டுமே பொழியும். அதன் மேல் வண்ணம் பூசியிருந்தாலும், அதனைத் தொடுமளவு சரக்கு அடுக்கியிருந்தாலும் அது பயன்படாது.

காவலாளியையும் ஊழியரையும் கேள்வி கேட்பது ஆய்வின் ஒரு பகுதியே. "தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்?" என்று கேட்டால் போதும். 101-ஐ அழைப்பேன் என்று சொல்பவரும் உண்டு. மேலாளரிடம் சொல்வேன் என்பவரும் உண்டு. பின்னவர் இருக்குமிடத்தில் அரைமணி நேரம் வீணாகும் என்று எழுதிக்கொள்ளலாம். மின்தூக்கியில் ஏறலாமா என்றும் கேட்கவேண்டும். ஸ்டிராண்ட் சாலைத் தீயில் மின்தூக்கியில் மேலே சென்றவர்கள் அதனுள்ளேயே உயிர் துறந்தனர். பழகிய வீரர்களும் அதற்கு விலக்காகவில்லை.

துர்க்கா பூஜைக் காலத்தில் வேறொரு வகைக் கட்டிடம் தோன்றுகிறது. மூங்கிலும் துணியும் கொண்டு சில வாரங்களில் எழும் பந்தல் அது. சில நாளே நிற்பது என்பதால் விதி தளராது. வரும் வழி வேறு, போகும் வழி வேறாக இருத்தல், மின்கம்பிகள் துணியைத் தொடாமை, நீரும் மணலும் அருகிருத்தல் ஆகியவை அங்கும் வேண்டும்.

நான்காம் பாடம்: எழுதுதல்

புதிய ஆய்வாளர்கள் தடுமாறுவது எழுத்திலேதான். "இக்கட்டிடத்தில் தீப்பாதுகாப்பு போதிய அளவில் இல்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒருவர் எழுதுகிறார். இதைப் படித்து உரிமையாளர் எதைச் செய்வார்? எதையும் செய்யார். "இரண்டாம் மாடி, வடக்குப் படிக்கட்டு: திருப்பத்தில் 14 அட்டைப் பெட்டிகள். வழியின் அகலம் 60 சென்டிமீட்டராகக் குறைந்துள்ளது. இன்றே அகற்றவேண்டும்" என்று மற்றொருவர் எழுதுகிறார். இடம், குறை, அளவு, செய்யவேண்டியது, கெடு ஆகிய ஐந்தும் இதில் உள்ளன. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய எழுத்து இதுவே. நிழற்படமும் நாளும் நேரமும் சேர்ந்தால் இன்னும் வலிமை.

குறைகளைத் தரம் பிரிப்பதும் கலை. சில குறைகளுக்கு ஒரு மாதம் தரலாம். பூட்டிய வெளிவழிக் கதவுக்கு ஒரு மணி நேரமும் தரலாகாது. ஆய்வாளர் அங்கிருக்கும்போதே பூட்டுத் திறக்கப்படவேண்டும்.

ஐந்தாம் பாடம்: மறுபடியும் போதல்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. டாக்குரியாவில், அந்நாளில் ஏ.எம்.ஆர்.ஐ. என்று வழங்கிய மருத்துவமனையின் கீழ்த்தளம் வண்டிகள் நிறுத்துவதற்கென அனுமதி பெற்றது. அங்கே எளிதில் தீப்பற்றும் பொருள்கள் குவிந்திருந்தன. விடியுமுன் அங்கே பிடித்த தீயின் புகை மேலேறி நோயாளிகள் உறங்கிய தளங்களை நிரப்பியது. கண்ணாடிச் சுவரால் மூடிய கட்டிடம். புகை வெளியேற வழியில்லை. அருகிலிருந்த பஞ்சானன்தலாக் குடிசைவாசிகள் ஓடிவந்து உதவினர். கேரளத்திலிருந்து பணிக்கு வந்திருந்த இளம் செவிலியர் இருவர் நோயாளிகள் சிலரைக் காப்பாற்றிய பின் தாமும் மாண்டனர்.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. அக்குறையை யாரும் காணாமல் இல்லை. அதே 2011-ஆம் ஆண்டில், தீப்பிடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, தீயணைப்புத் துறை அக்கீழ்த்தளத்தைக் காலி செய்யும்படி கூறியிருந்தது. மருத்துவமனையும் மூன்று மாதத்தில் செய்வதாக உறுதி எழுதித் தந்திருந்தது. டிசம்பர் வந்தது. பொருள்கள் அங்கேயே இருந்தன.

கண்டார்கள், எழுதினார்கள், உறுதியும் வாங்கினார்கள். கெடு முடிந்த மறுநாள் அப்படிகளில் இறங்கிக் கீழ்த்தளத்தைப் பார்த்து, "பொருள்களை அகற்றும்வரை இனி அனுமதி இல்லை" என்று சொல்லும் வேலை ஒன்று மட்டும் நிறைவேறவில்லை. ஆய்வாளரின் பணி குறையைக் காண்பதோடு பாதியும் முடியவில்லை. எழுதுவதோடும் முடியவில்லை. குறை நீங்கியதைத் தம் கண்ணால் காண்பதோடுதான் முடிகிறது. ஆகவே அவர் வைத்திருக்கவேண்டிய குறிப்பேடுகள் இரண்டு. ஒன்றில் கண்டது, மற்றொன்றில் மீண்டும் போகவேண்டிய நாள்.

நம் தமிழ்நாட்டிலும் இதே பாடத்தை மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அக்கூரை மறைவாக இருந்ததில்லை. நாள்தோறும் எத்தனையோ பேர் கண்டதுதான். 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது குழந்தைகளின் உரிமை என்று கூறி, பள்ளிகள் தீத்தடுப்பு விதிகளைப் பின்பற்றவேண்டும் என ஆணையிட்டது. தீர்ப்பு நல்லது. அதனைப் பள்ளியின் படிக்கட்டு வரை கொண்டுசேர்ப்பவர் ஆய்வாளரே.

வேண்டிய பண்புகள்

உடல் நலமும் கூரிய கண்ணும் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பேச்சுத் திறனும் வேண்டும். கடைக்காரர் பகைவர் அல்லர். இடநெருக்கடியில் பிழைப்பு நடத்துபவர். "சட்டம் இப்படி" என்று அதட்டுவதைவிட, "இரவில் இங்கே உறங்கும் உம் கடைப் பையன் எவ்வழியே வெளியேறுவான்?" என்று கேட்பது மனத்தைத் தொடும். அதற்கு அவர் மொழி தெரியவேண்டும். கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர்க்கு வங்கமும் இந்தியும் தாமே வந்து வாய்க்கின்றன. அவ்வாய்ப்பை நழுவவிடலாகாது.

எல்லாவற்றினும் மேலானது நேர்மை. ஆய்வாளர் கையெழுத்திட்டால் கடை திறக்கும், இடாவிட்டால் மூடும். ஆகவே அக்கையெழுத்துக்கு விலை பேச ஆள் வருவது உறுதி. விலைபோன கையெழுத்து உடனே யாரையும் சுடுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, பெயர் தெரியாத ஒருவரைச் சுடும். முன்னரே காத்துக்கொள்ளாதவனை நெருப்பின் முன்னே கிடக்கும் வைக்கோலாகக் கண்டார் வள்ளுவர். பிறரைக் காக்கவென்றே ஊதியம் பெறுபவர்க்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

சேரும் வழி

அரசுப் பணியில் ஆய்வு வேலை பெரும்பாலும் நிலைய அலுவலர் முதலியோரிடம் உள்ளது. தமிழ்நாட்டில் அப்பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. நாகபுரியிலுள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் தொடங்கப்பட்டது. அங்கே தீப்பொறியியலில் பட்டப் படிப்பும், அலுவலர்களுக்கான பயிற்சிகளும் உள்ளன. ஆலை, எண்ணெய் நிறுவனம், விமான நிலையம், பெரிய மருத்துவமனை ஆகியவையும் தீப்பாதுகாப்பு அலுவலர்களை வேலைக்கு அமர்த்துகின்றன.

செய்து பார்க்க

படித்ததோடு நில்லாமல் நண்பர்கள் கீழ்க்கண்டவற்றைத் தம் விடுதியிலேயே செய்து பார்க்கலாம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

1. உம் அறையிலிருந்து தெரு வரை கண்ணை மூடிக்கொண்டு செல்வதாக எண்ணி, எத்தனை அடி, எத்தனை திருப்பம், எத்தனை படி என்று கணக்கிடுக. புகையில் கண் தெரியாது.

2. இரண்டாவது வழி ஒன்று உண்டா? உண்டெனில் அதன் வழியே இன்று இறங்கிப் பார்க்க. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேட்க.

3. உம் தளத்திலுள்ள தீயணைப்பானில் முள், ஊசி, தேதி மூன்றையும் பார்க்க.

4. ஒரே மின்செருகியில் எத்தனை கருவிகள் தொங்குகின்றன என்று எண்ணுக. கம்பியைத் தொட்டுப் பார்க்கவேண்டாம். செருகி கருகியிருந்தால் நிறமே சொல்லும்.

5. கண்ட குறைகளை இடம், குறை, அளவு, செய்யவேண்டியது, கெடு என்ற முறையில் எழுதி விடுதிக் காப்பாளரிடம் தருக. கையொப்பமிட்ட படி ஒன்றை வைத்துக்கொள்க.

6. பதினைந்து நாள் கழித்து, அதே படியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் போய்ப் பார்க்க.